முதுகில் யாருடைய பெயர்?

மன்னார்க் கரையோரத்துக் கழகம் ஒன்றின் புதிய ஜேர்சியின் படம் அண்மையில் என் பார்வைக்கு வந்தது. கழகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கழகம் மட்டுமே இப்படிச் செய்கிறது என்றாகிவிடும். நல்ல நீல நிறம், நல்ல துணி. நெஞ்சில் உள்ளங்கை அளவில் கழகத்தின் இலச்சினை. அதற்குக் கீழே, அதைவிட மூன்று மடங்கு பெரிய எழுத்தில், வெளிநாட்டில் வாழும் அன்பர் ஒருவரின் காலஞ்சென்ற தந்தையாரது பெயரும் 'ஞாபகார்த்தமாக' என்ற சொல்லும். வலக்கையில் ஒரு நகைக்கடை. இடக்கையில் ஒரு பணமாற்று நிலையம். முதுகில், தோளிலிருந்து தோள்வரை, அன்பளிப்புச் செய்தவரின் பெயர், அவர் வாழும் நகரத்தின் பெயரோடு. அதன் கீழே 7 என்று ஓர் இலக்கம்.

ஏழு யார்? அதை அந்த உடையில் எங்கு தேடியும் காணவில்லை. ஓர் உடையில் ஐந்து பெயர்களுக்கு இடமிருந்தது. அதை அணிந்து வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடப்போகிறவனின் பெயருக்கு மட்டும் இடமில்லாமற் போயிற்று.

படத்தை எனக்கு அனுப்பியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அண்ணை, பெடியள் எல்லாரையும் ஊருக்குத் தெரியும்தானே" என்றார். ஊருக்குத் தெரியும் என்பது உண்மை. ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

பத்திரிகை மேசையில் இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகப் பழக்கம். திங்கட்கிழமைகளில் பிராந்திய நிருபர்களின் விளையாட்டுச் செய்திகள் வந்து குவியும். இறுதியாட்டத்தில் இன்ன கழகம் இன்ன கழகத்தை மூன்றுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வெற்றிகொண்டது. பிரதம விருந்தினராக இன்னார், சிறப்பு விருந்தினர்களாக இன்னார் இன்னார், கௌரவ விருந்தினர்களாக மேலும் நால்வர். கிண்ணத்தை வழங்கியவர் பெயர் இருக்கும். மாலை அணிவித்தவர் பெயரும் இருக்கும். மூன்று கோல்களையும் போட்டவர் யார் என்று தேடினால் கிடைக்காது. நிருபரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், "பத்தாம் நம்பர் பெடியன்" என்பார். நிருபரில் பிழை சொல்ல முடியாது. அவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். அங்கே தெரிந்தது பத்து மட்டுமே. விருந்தினர்களின் பெயர்களோ அழைப்பிதழில் அச்சாகிக் கையில் இருந்தன. அச்சில் இருந்தது அச்சுக்குப் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து எங்கள் கரையோரத்து உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுத முனைகிற ஒருவர் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினால், பிரதேச செயலாளர்களும் வர்த்தகப் பிரமுகர்களும் ஆடிய ஆட்டமாகவே அது அவருக்குத் தோன்றும்.

ஜேர்சியில் பெயர் கூடாது என்று வாதிடுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிற் பலர் நல்லவர்கள், விளையாட்டை நேசிப்பவர்கள். நெஞ்சிலுள்ள பெயருக்காக ஆடு, முதுகிலுள்ள பெயருக்காக ஆடாதே என்ற வாசகத்தை அவர்கள் ஏதோ வேதவாக்குப்போல ஒப்புவிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கழகம் பெரிது, தனிமனிதன் சிறியவன். பெயரைப் பொறித்தால் தலைக்கனம் வரும், பந்தைப் பிறருக்குக் கொடுக்கமாட்டான், தன்னைப் பெரிய நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்வான். அமெரிக்காவில் நியூயோர்க் யாங்கீஸ் என்ற பேஸ்போல் அணி இன்றுவரை வீரர்களின் பெயரைச் சீருடையில் போடுவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவார்கள்.

யாங்கீஸ் 1929 முதல் இலக்கங்களை மட்டும் அணிந்து ஆடுகிறது என்பது சரியே. அந்த அணியில் 3 என்ற இலக்கத்தைச் சொன்னால் பேப் ரூத் என்று குழந்தையும் சொல்லும். ஒருவனுடைய பெயர் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் நாள்தோறும் வரும்போது, அவனுடைய படம் சுவர்களில் தொங்கும்போது, முதுகில் பெயர் இல்லாமையே ஒரு பெருமிதம் ஆகிவிடுகிறது. பெயரைத் துறக்கும் உரிமை பெயர் உள்ளவனுக்கே உண்டு. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் ஆடுகிற பையன் எதைத் துறப்பது? அவன் இன்னும் பெறவேயில்லையே.

நம்முடைய தர்ஜினி சிவலிங்கத்தையும் சிலர் சான்றுக்கு அழைக்கிறார்கள். வலைப்பந்தாட்டத்தில் வீராங்கனையின் மேலாடையில் அவர் ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்துகள்தாம் பெரிதாக இருக்கும். அப்படியிருந்தும் உலகம் தர்ஜினியை அறிந்துகொள்ளவில்லையா என்று கேட்கிறார்கள். ஆறடி பத்தங்குல உயரமுள்ள ஒருவருக்கு முதுகில் பெயர் தேவையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பெயர் பொறிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன் பிறப்பு அவ்வளவு புனிதமானதன்று. இங்கிலாந்தில் 1928 ஓகஸ்டில் ஆர்சனல் அணி இலக்கங்களை அணிந்து ஆடியது. 1933 எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் இரு அணிகளுக்குமாகச் சேர்த்து 1 முதல் 22 வரை இலக்கமிட்டார்கள். பெயர் வந்தது மிகவும் பிந்தி. அமெரிக்காவில் சிக்காகோ வைட் சொக்ஸ் அணியின் உரிமையாளர் பில் வீக் 1960இல் வீரர்களின் பெயரை முதுகில் பொறித்தார். தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு ஆளை அடையாளம் காட்டுவது நோக்கம். கிரிக்கெட்டில் 1992 உலகக் கிண்ணத்தில் நிற உடைகளோடு பெயர்களும் வந்தன. 1999இல் இலக்கங்கள் வந்தன. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 1993-94 பருவத்திலிருந்து பெயரும் நிலையான இலக்கமும் வழக்கமாயின. அந்த ஜேர்சிகளை ரசிகர்களுக்கு விற்று வரும் பணம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே இது தொலைக்காட்சியும் கடையும் கொண்டுவந்த வழக்கம். மறுக்கவில்லை. ஆனால் இலக்கமும் அப்படித்தான் வந்தது. பார்வையாளனுக்கு யார் யார் என்று தெரியவேண்டும் என்பதற்காகவே 1928இலும் இலக்கமிட்டார்கள். இலக்கத்தை ஏற்றுக்கொண்டவர்கள் பெயர் வரும்போது மட்டும் பண்பாடு அழிகிறது என்று ஏன் பதறவேண்டும்?

2019 ஓகஸ்டில் டெஸ்ட் கிரிக்கெட்டின் வெள்ளை உடையிலும் பெயரும் இலக்கமும் ஏறின. அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட் உட்படப் பலர் அதைப் பழித்தார்கள். வெள்ளையின் தூய்மை கெட்டுவிட்டதாம். அந்த வெள்ளையின் நெஞ்சில் ஏற்கனவே ஒரு நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கையிலும் ஒன்று இருந்தது. அவையெல்லாம் தூய்மையைக் கெடுக்கவில்லை. ஆடுகிறவனின் பெயர் கெடுத்துவிட்டது. எங்கள் நீல ஜேர்சியின் கதைதான், சற்று விலையுயர்ந்த துணியில்.

இன்னொரு நாடகமும் நினைவுக்கு வருகிறது. 2016 ஒக்டோபர் 29 அன்று விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய இந்திய அணியினர் தங்கள் அன்னையரின் பெயர்களை முதுகில் அணிந்து வந்தார்கள். டோனியின் முதுகில் தேவகி, கோஹ்லியின் முதுகில் சரோஜ், ரஹானேயின் முதுகில் சுஜாதா. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். நானும் ஒரு கணம் உருகினேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் விளம்பரப் பிரசாரம் என்று. அடுத்த தொடரில் தேவகியும் சரோஜும் எங்கே போனார்கள் என்று கேட்பவரில்லை. ஆனாலும் அந்த ஒருநாட் கூத்து ஒன்றை நிரூபித்தது: முதுகிலே என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கோடிக்கணக்கான மக்கள் வாசிக்கிறார்கள். அது வெறும் அலங்காரம் அன்று.

இனி நம்முடைய பெயர்களுக்கு வருவோம். பெயரைப் பொறிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டாலும், எந்தப் பெயரை என்ற கேள்வி தமிழனுக்கு மட்டும் ஒரு தலையிடி.

ஐரோப்பியன் குடும்பப் பெயரைப் பொறிக்கிறான். அவனுக்கு அது இருக்கிறது. நமக்கு அது இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாகவோ முழுமையாகவோ முன்னே நிற்கும். தன் பெயர் பின்னே வரும். இந்த ஒழுங்கை அறியாத உலகம் விஸ்வநாதன் ஆனந்தை நெடுங்காலம் 'விஸ்வநாதன்' என்று, அதாவது அவருடைய தகப்பனாரின் பெயரைச் சொல்லி, நண்பனை அழைப்பதுபோல அழைத்துவந்தது. ஆனந்த் உலக வெற்றிவீரர் ஆனதால் பிழைத்தார். புலம்பெயர்ந்த நாடுகளில் நிலைமை தலைகீழ். அங்கே விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நம்மவர் தந்தையின் பெயரை அதில் நிரப்புவார். அந்தப் பெயர் அங்கேயே உறைந்துபோய்ப் பேரப்பிள்ளைக்கும் இறங்கும். ரொறன்ரோவில் பள்ளி அணிக்கு ஆடும் பத்து வயதுச் சிறுவனின் முதுகில், அவன் கண்ணாலும் காணாத பூட்டனாரின் பெயர் பதினைந்து ஆங்கில எழுத்துகளில் வளைந்து கிடக்கும். பயிற்றுநர் அதை உச்சரிக்க முயன்று தோற்றுப்போய் நாலெழுத்தில் ஒரு செல்லப்பெயர் வைப்பார். பிள்ளையும் அதையே தன் பெயராக ஏற்றுக்கொள்வான். நீளம் என்பது சாக்கு. ஸ்கொட்லாந்தின் செல்டிக் அணிக்கு ஆடிய நெதர்லாந்துக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் வெனெகோர் ஒவ் ஹெசலிங்க். முதுகின் ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தம்வரை முழுப் பெயரும் பொறித்தே ஆடினார். துணி போதாமற் போகவில்லை.

தகப்பன் பெயரைத் தாங்கும் வழக்கத்தில் நமக்கு உலகில் உறவினர் இருக்கிறார்கள். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஐஸ்லாந்து அணி ஆடியபோது அநேகமாக எல்லா முதுகுகளும் 'சொன்' என்று முடிந்தன. இன்னாரின் மகன், இன்னாரின் மகன், இன்னாரின் மகன். தங்கள் நாட்டில் அவர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைப்பதில்லை. தொலைபேசி விபரக்கொத்திலும் சொந்தப் பெயரின் ஒழுங்கிலேயே ஆட்களைத் தேடுவார்கள். வெளியுலகின் வழக்கத்துக்காகத் தகப்பன்மாரை முதுகில் சுமந்தார்கள். மாறாக, கிரேக்க வீரர் பாபஸ்ததோபுலோஸ் ஆர்சனலுக்கு ஆடியபோது 'சொக்ராட்டிஸ்' என்ற தன் சொந்தப் பெயரையே பொறித்தார். பிரேசில்காரர்களோ அம்மா கூப்பிடும் பெயரைப் பொறித்துக்கொண்டு உலகக் கிண்ணம் வென்றவர்கள். ஆகவே விதி என்று ஒன்றுமில்லை. உதைபந்தாட்டச் சட்டத்தின் நான்காம் விதி வீரன் கட்டாயம் அணியவேண்டியவற்றைச் சொல்கிறது: மேலாடை, காற்சட்டை, காலுறை, கணுக்காற்காப்பு, பாதணி. பெயரைப்பற்றி அது கவலைப்படவில்லை. சுற்றுப்போட்டியை நடத்துவோரும் கழகமும் தீர்மானிக்கும் விடயம் இது.

மன்னாரின் கத்தோலிக்கக் கரையிலே இந்தச் சிக்கல் இன்னும் சுவையானது. எங்களிடம் குடும்பப் பெயர்களும் உண்டு. போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போனவை. குரூஸ், பீரிஸ், மிராண்டா, கூஞ்ஞ, பெர்னாண்டோ. ஐரோப்பிய முறைப்படி இவற்றை மட்டும் பொறித்தால் ஒரே அணியில் நாலு குரூஸ்கள் ஓடுவார்கள். எதிரணியில் இன்னும் இருவர். பார்வையாளர் "குரூஸ், பந்தைக் குடு" என்று கத்தினால் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனவே இங்கும் சொந்தப் பெயரே சரியானது: திருமுழுக்கின்போது வைத்த பெயரோ, வீட்டிலே கூப்பிடும் பெயரோ, ஆடுகளத்தில் தோழர்கள் கத்துகிற பெயரோ.

அதைத் தமிழில் பொறிக்க வேண்டும். இதை மொழிப்பற்றினால் மட்டும் சொல்வதாக எண்ணவேண்டாம். நமது பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போனால் உருக்குலைகின்றன. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முரளிதரனின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று உலகம் அவர் ஆடிய காலம் முழுவதும் தடுமாறியது. ஒருவர் 'த' ஒலிக்கு ஓர் எழுத்தைப் போட்டார், மற்றவர் இரண்டு எழுத்துகளைப் போட்டார். 2007இல் வார்ன்-முரளிதரன் கிண்ணத்தைச் செய்தபோது அவுஸ்திரேலியக் கிரிக்கெட் நிர்வாகம் அவரிடமே எழுத்துக்கூட்டலைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்தது. தமிழில் அந்தப் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான். தமிழ் வாசிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதைப் பிழையாக எழுதாது.

எங்கள் மாவட்டத்திலேயே உதாரணம் உண்டு. மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியின் பின்களத்தில் ஆடியவர். மாலைதீவில் ஒரு கழகத்துக்காக ஆடச் சென்ற இடத்தில், 2022 பெப்ரவரியில், முப்பத்தோராவது வயதளவில் உயிரிழந்தார். அவருடைய மரணச் செய்தியை வாசித்தபோது என் கண்ணில் பட்டது, ஒவ்வொரு பத்திரிகையும் அவர் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தமை. ஓரிடத்தில் டக்சன் முன்னே, ஓரிடத்தில் பின்னே. ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் வேறுபாடு. நாட்டுக்காக ஆடிய ஒருவரின் பெயரை, அவர் இறந்த அன்றுகூட, நாடு ஒரே மாதிரி எழுதக் கற்றிருக்கவில்லை. தேசிய அணிக்குப் போனவருக்கே இந்தக் கதி என்றால், மன்னார் லீக்கைத் தாண்டாதவனின் பெயரை யார் எழுதிவைக்கப்போகிறார்கள்?

அரிப்பு இதற்குப் பழக்கப்பட்ட ஊர். அங்கே பதியப்பட்ட பெயர்களையும் பதியப்படாத பெயர்களையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், அருவியாற்றைத் தொடர்ந்து நடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டை. நொக்ஸின் பெயர் நமக்குத் தெரியும். அவர் 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கடலோர மேட்டில் தமக்கொரு மாளிகை கட்டினார், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட. டோறிக் மாளிகை என்று அரசாங்க ஏடுகள் அதைச் சொல்கின்றன. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். ஊரின் பெயருக்கேற்பக் கடல் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இடிந்த சுவர்களும் தூண்களும் மிச்சம். கட்டடம் விழுந்தாலும் நோர்த்தின் பெயர் விழாது. கல் அடுக்கியவர்களின் பெயர் கட்டடம் எழும்பிய நாளிலேயே இல்லை.

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாவத்துறை என்ற பெயரிலேயே அது இருக்கிறது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் பிரித்தானியர் காலத்தில் மிகப் பெரியது. ஏறத்தாழ 5,000 பேர் மூழ்கினார்கள். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்தது 25 இலட்சம் ரூபாவுக்கு மேல். சிப்பிக் குவியலில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு. எத்தனை வள்ளம், எத்தனை சிப்பி, ஆயிரம் சிப்பி என்ன விலைக்கு ஏலம்போயிற்று, எல்லாம் அறிக்கைகளில் உண்டு. மேற்பார்வை செய்த அதிகாரிகளின் பெயர்கள் உண்டு. ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகளின் பெயர்கள் உண்டு. காலில் கல்லைக் கட்டி, மூக்கைப் பிடித்து, பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கியவன்? அவன் கணக்கில் இருக்கிறான், ஒரு தொகையின் பகுதியாக. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்தவர்களோடு எங்கள் கரையோரத்தவரும் இறங்கினார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள் என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு விடையில்லை.

ஜேர்சியைப் பற்றிப் பேசும் இடத்தில் இதையெல்லாம் இழுப்பது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். மன்னார் மறைமாவட்ட ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஓர் எண்ணைச் சொன்னார்: 1,46,679. வன்னியில் கணக்கில் வராமற்போனவர்கள். அந்த எண் உலகெங்கும் பேசப்பட்டது, விவாதிக்கப்பட்டது, மறுக்கப்பட்டது. எண்ணை மறுக்கலாம், அது எண்ணின் இயல்பு. தன் பிள்ளையின் பெயரையும் படத்தையும் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாயை மறுப்பது அவ்வளவு சுலபமன்று. இலக்கத்துக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை வடக்கின் மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இந்த நாட்டில் ஒரு மனிதனின் பெயரைக் கேட்டால் அவனுடைய இனம் தெரியும், மதம் தெரியும். சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை நாங்கள். பெயரை வாசித்ததும் எதிரிலுள்ளவனின் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள். அப்படியிருக்க, பையன்களின் முதுகில் பெயரை எழுதி வெளியூருக்கு அனுப்புவதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். முசலிப் பகுதியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முனையும் உண்டு. அங்கே கத்தோலிக்கக் கிராமமும் முஸ்லிம் கிராமமும் பக்கத்தில் பக்கத்தில். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதை வேறு சொல்லால் மெழுக நான் விரும்பவில்லை. 2007 செப்டெம்பரில் இராணுவ நடவடிக்கையோடு அரிப்பு உட்பட அப்பகுதி மக்களும் இடம்பெயர்ந்தார்கள். போர் ஓய்ந்தபின் இரு சாராரும் திரும்பி வந்து, காணியைப் பற்றியும் கடலைப் பற்றியும் காட்டைப் பற்றியும் கசப்போடு பேசிக்கொண்டே, மாலையில் ஒரே மைதானத்தில் பந்து உதைக்கிறார்கள்.

அந்த மைதானத்தில் பெயர் இருப்பது கெடுதலா? யோசித்துப் பார்த்தேன். இலக்கம் மட்டும் இருக்கையில் எதிரணி ஒரு கூட்டம்: 'அவங்கள்'. அரிப்பாங்கள், சிலாவத்துறையாங்கள். பிழையான தடுப்பு நடந்து வாய்த்தர்க்கம் முற்றும்போது 'அவங்கள்' என்ற சொல்தான் முதலில் வெளிவரும், அதன் பின்னால் மதமும் வரும். முதுகில் அன்வர் என்றும் ஜூட் என்றும் எழுதியிருந்தால், நாலாவது ஆட்டத்தில் "அன்வருக்கு இடம் விடாதேங்கோடா" என்று கரையிலிருந்து சத்தம் கேட்கும். அது திட்டுத்தான், ஆனாலும் ஒரு மனிதனைப் பார்த்துச் செய்யும் திட்டு. தவிரவும், மறைத்தால் தெரியாமற் போகுமா? நெஞ்சிலே சென் அன்ரனிஸ் என்றோ சென் மேரிஸ் என்றோ புனிதரின் பெயரோடு போகும் கழகத்துக்குப் பையனின் பெயரால் மட்டும் புதிதாக என்ன ஆபத்து? பயம் உள்ள இடத்துக்கு ஆடப்போகையில் பெயரில்லாத உடையை அணியட்டும். அதை வீரனே தீர்மானிக்கட்டும். உள்ளூர் லீக்கில் அந்தப் பயத்தைக் காரணம் காட்டுவது நேர்மையன்று.

இரண்டாவது எதிர்வாதம் வறுமையைப் பற்றியது, அதில் நியாயமுண்டு. ஊர்க் கழகம் ஒரு தொகுதி ஜேர்சியை வாங்கினால் அது மூன்று பருவம் உழைக்கவேண்டும். அண்ணன் அணிந்ததைத் தம்பி அணிவான். ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டால் அவனுடைய ஒன்பதை இன்னொருவன் போட்டுக்கொள்வான். பெயர் பொறித்தால் இது முடியாது. உண்மை. ஆனால் அந்தத் தொகுதி மூன்று பருவம் உழைப்பதாக இப்போது எங்கே கண்டீர்கள்? ஒவ்வொரு திருவிழாச் சுற்றுப்போட்டிக்கும் ஒரு புதிய அன்பளிப்பாளர், ஒரு புதிய ஜேர்சி, ஒரு புதிய படம். முகநூலில் ஏற்றியதும் அதன் கடமை முடிந்துவிடுகிறது. சில வீடுகளில் அவை வலை திருத்தும்போது அணியும் உடையாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து பெயர்களைக் கணினியில் கோத்து அச்சிடும் அதே கடை ஆறாவது பெயரையும் அச்சிடும். துணியிலேயே அச்சிடும் இன்றைய முறையில் ஒவ்வொரு உடைக்கும் வேறு பெயர் போடுவது பெரிய வேலையுமன்று. பணமில்லை என்பது உண்மையான காரணமாக இருந்தால், தோளிலிருந்து தோள்வரை நீளும் அந்த அன்பளிப்பாளர் பெயரை எடுத்துவிட்டால் இடமும் கிடைக்கும், மையும் மிஞ்சும்.

இது வெளிநாட்டிலுள்ள எங்கள் உறவுகளுக்குக் கோபமூட்டும் என்று தெரியும். அவர்கள் அனுப்பும் பணம் இல்லாவிட்டால் பல கழகங்களுக்குப் பந்தே இல்லை. குளிரில் இரண்டு வேலை செய்து மிச்சம் பிடித்த பணம் அது என்பதும் தெரியும். தந்தையின் பெயர் ஊரில் நிலைக்கவேண்டும் என்ற ஆசையை நான் இழிவாக நினைக்கவில்லை. தந்தையை இழந்து, செத்தவீட்டுக்கும் வரமுடியாமற்போன பிள்ளையின் ஆசை அது. அதற்கு நெஞ்சின் ஓரத்தில், இலச்சினைக்குக் கீழே, ஒரு விரல் உயரத்தில் இடம் கொடுக்கலாம். அவருடைய பெயரால் ஒரு கிண்ணம் வைக்கலாம். கிண்ணம் துருப்பிடிக்க நாளாகும், ஜேர்சி ஒரு மழையில் வெளிறிவிடும். ஆனால் முதுகு வேறு. முதுகு ஓடுகிறவனுடையது. கோல் போட்டுவிட்டு அவன் கைகளை விரித்துக்கொண்டு ஓடும்போது புகைப்படக்காரர் பின்னாலிருந்து எடுக்கும் படத்தில், லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் ஒருவரின் பெயர் கொண்டாடப்படுவது எனக்குக் கூசுகிறது. அந்த அன்பளிப்பாளருக்கும், தனித்திருந்து யோசித்தால், கூசும் என்றே நினைக்கிறேன்.

எனவே அடுத்த பருவத்துக்குப் பணம் அனுப்பவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பணத்தோடு ஒரு நிபந்தனையையும் அனுப்புங்கள்: முதுகில் ஆடுபவரின் சொந்தப் பெயர், தமிழில், மைதானத்தின் மறுகரையிலிருந்து வாசிக்கக்கூடிய அளவில். பெயரை எப்படி எழுதுவது என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அச்சிடுமுன் பட்டியலை ஒருமுறை பாருங்கள். அந்தப் பட்டியலை அணித்தலைவரிடம் கேளுங்கள், செயலாளரிடம் வேண்டாம். செயலாளர் தரும் பட்டியலில் ஒருநாளும் பந்தைத் தொடாத அவருடைய மருமகனும் இருப்பான், பத்தாம் இலக்கத்தோடு.